எட்டு அந்தோணிகள்

என் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தோணி. பழைய ரோமாபுரியில் இது ஏதோ ஒரு பெரிய குடும்பத்தின் பெயராம். பங்குச் சாமியார் சொன்னார். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத பர்மாவுக்கு வந்து, யாங்கோன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாங்கள் அதை வீட்டுக்கு வீடு சூட்டிவிட்டோம். பிள்ளை பிழைத்தால் உன் பெயரை வைக்கிறேன் என்று கோடி அற்புதரான புனித அந்தோணியாரிடம் நேர்ந்துகொள்ளாத குடும்பமே எங்களில் கிடையாது. தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் முடிவெட்டுகிறவர் அந்தோணி, தேநீர்க் கடைப் பலகையில் அந்தோணி, சைக்கிள் ரிக்‌ஷாவின் முதுகிலும் அந்தோணி. வார்டு அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டு, அப்பா பெயர், பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'ஊ' சேர்த்து, ஊ அந்தோணி என்றால், "உன் பேரைத்தான் சொல்லிட்டியே, அப்பா பேரைச் சொல்லு" என்று பர்மியக் குமாஸ்தா அதட்டுவார்.

அதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். அம்மா விஷயத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா ஒருநாளும் அப்பாவைப் பேர் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. அதே பேர் எனக்கும் இருப்பதால் என்னையும் சொன்னதில்லை. நான் வெறும் தம்பி. அப்பா இறந்த பிறகு, கல்லறைத் திருநாள் பூசையில் கோயில் உபதேசியார் இறந்தவர்கள் பட்டியலில் அவர் பேரை வாசிப்பதைக் கேட்க வருஷம் பூராவும் காத்திருப்பாள். தெருவெல்லாம் அந்தப் பேர்தான் என்றாலும், கோயிலில் வாசிப்பது அவருடையது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

போன வருஷம் உபதேசியார் "அந்தோணி" என்று எட்டு முறை வாசித்தார். ஐந்தாவது எங்களுடையது என்றாள் அம்மா. இல்லை, எங்களுடையது என்று தாகேதாவிலிருந்து வந்த குடும்பம் வெளியே சண்டைக்கு நின்றது. வெட்கக்கேடு. அதனால் இந்த வருஷம் ஒரு வாரம் முன்னாலேயே உபதேசியாரிடம் போய், அப்பா பார்த்த வேலையையும் சேர்த்து "தபால் ஆபீஸ் அந்தோணி" என்று வாசிக்கும்படி கெஞ்சினேன்.

"வேலையெல்லாம் வாசிச்சா பூசை எப்ப முடியிறது? போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். மற்ற இறந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக வாசித்தவர், கடைசியில் "அந்தோணிகள் எட்டுப் பேர்" என்று ஒரே மூச்சில் முடித்துக் காகிதத்தை மடித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்து எல்லோரும் போனார்கள். அம்மா மட்டும் முன் பெஞ்சிலிருந்து எழவில்லை.

"இன்னும் வாசிக்கலையே தம்பி."

"வாசிச்சாச்சும்மா. எட்டுப் பேரையும் மொத்தமா."

"மொத்தமான்னா?"

உபதேசியார் மேல் இருந்த கோபம் அவள் மேல் பாய்ந்தது. "அவ்வளவு ஆசையா இருந்தா நீயே சொல்லேம்மா! யாரு தடுக்கிறா?" என்று கத்திவிட்டேன். கத்திய மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தோணி" என்றாள்.

என் வயசுக்கு அவள் வாயிலிருந்து அந்தப் பேரைக் கேட்டது அப்போதுதான். "என்னம்மா?" என்று குனிந்தேன்.

"உன்னை இல்ல" என்றாள். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு."