மெஹர் அக்கா போடாத டிக்கெட்

மெஹர் அக்கா இறந்துவிட்டார்.

கம்பத்திலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். நான் இரண்டு முறை "எந்த மெஹர்?" என்று கேட்டேன்... எனக்கு வேறு மெஹரே தெரியாது.

இன்று காலை ஆபீஸ் திறக்கக் கிளம்பும்போது நெஞ்சை அடைக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே...

நேற்று ராத்திரி போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இன்னும் இருக்கிறது. "வேளாங்கண்ணி வேன், ரெண்டு சீட் காலி." நாலைந்து தடவை திறந்து பார்த்துவிட்டேன். நம்ப முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அக்காவின் டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலை பார்த்தேன். கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன மாடி ரூம். இரண்டு கம்ப்யூட்டர், அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு பிரிண்டர்.

டிராவல்ஸ் என்றால் காசு கொட்டும் என்று ஊரில் பேச்சு. எங்கே... ஏர்லைன்ஸ் கமிஷனெல்லாம் பேருக்குத்தான். டிக்கெட்டுக்கு மேல் நாங்கள் போடுகிற சர்வீஸ் சார்ஜ்தான் வருமானம். அதையும் போனில் இதைவிடக் கம்மியாகக் காட்டுகிறது என்று சொல்லிக் குறைப்பார்கள்.

அப்படிச் சொல்லிப் போய்ப் போனிலேயே டிக்கெட் போட்டவர்களே, பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று பதறிக்கொண்டு திரும்பி வருவார்கள். அக்கா திட்டிக்கொண்டே ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டு, லைனில் காத்துக்கிடந்து சரிசெய்து கொடுப்பார். அதற்குச் சார்ஜ் வாங்காமல் விடவும் மாட்டார்.

"இதுலதான் தாயி நம்ம அடுப்பு எரியுது" என்பார் என்னிடம்.

அந்த அக்காதான் ஒருநாள் தேடி வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பினார்.

ஆபீஸ் வாடகைக்கே இழுபறியான நேரம். வெளியூர் ஏஜென்ட் ஒருவர் மூன்று பையன்களோடு வந்தார். பாங்காக் டிக்கெட். கம்ப்யூட்டர் வேலையாம். பின்னாலேயே இன்னும் நிறையப் பேர் வருவார்கள், எல்லாரையும் உங்களுக்கே தருகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாஸ்போர்ட்டை வாங்கி டைப் செய்யவே ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா மட்டும் ஒரு பையனிடம் பேச்சுக்கொடுத்தார். கடமலைக்குண்டுக்காரன். என்ன வேலை என்று கேட்டார்.

"டைப்பிங்னு சொன்னாகக்கா."

"கம்பெனி பேரு?"

"அங்கன போனாத் தெரியும்னு சொன்னாக."

அக்கா என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏஜென்டைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஆள ஏத்தி விட்டுக் கமிஷன் வாங்குறதுதான் எந் தொழிலு. எங்கன எறங்குவான்னு தெரியாம ஏத்த மாட்டேன்."

அந்த ஆள் கத்திவிட்டுப் போனார். கிளம்பும்போது பையன்களின் சட்டைப்பையில் ஆளுக்கொரு விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டார் அக்கா. இரண்டு பேர் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கடமலைக்குண்டுப் பையன் மட்டும் வேறு ஊரில் டிக்கெட் போட்டுப் போய்விட்டான்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்அப் கால். எடுத்தது நான். அவன்தான்.

பாங்காக்கிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் ஒரு கட்டிடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்கள். அவன் போனைப் பிடுங்கிவிட்டார்கள், அந்தக் கார்டைத் தவிர அவனிடம் வேறு நம்பர் இல்லை. வேலைக்கென்று கொடுத்த போனில் கிசுகிசுவென்று பேசினான்...

"எங்காத்தாட்ட மட்டும் சொல்லிராதீகக்கா."

அக்கா அன்றே அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேனி கலெக்டர் ஆபீஸ், தூதரகத்துக்கு மெயில், பதில் வராமல் மறுபடி மெயில்... பாதி நாள் கவுண்டரில் நான் மட்டும்தான். வந்த கஸ்டமர்கள் வேறு கடை பார்த்துப் போனார்கள்.

கடைசியில் தூதரகத்தார் அவனை மீட்டு அனுப்பினார்கள். மதுரை ஏர்போர்ட்டுக்கு நாங்களும் போயிருந்தோம். எலும்பும் தோலுமாக வெளியே வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்புறம் அக்கா முன்னால் வந்து நின்றான்.

"ஏலே, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

உசிலம்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவன் பரோட்டா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஐம்பது வயதுகூட ஆகவில்லையே...

கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்கிறார்கள். பஸ் இப்போதுதான் வத்தலக்குண்டு தாண்டுகிறது.

முகத்தை மூடவிடாமல் கொஞ்சம் இருங்கள் அக்கா. வந்துவிடுகிறேன்.