எட்டாம் மாதத்துப் பல்வலி

தொண்ணூறுகளின் நடுவில், கணவரின் மத்திய அரசு வேலை எங்களைச் சால்ட் லேக் குடியிருப்பில் கொண்டுவந்து போட்டிருந்தது. எனக்கு எட்டாம் மாதம். வயிற்றில் இருந்தது சமர்த்தாக இருந்தது. கடைவாய்ப் பல்தான் உயிரை வாங்கியது.

பாலிகஞ்சில் ஒரு மாடியில் இருந்த பல் டாக்டரிடம் போனோம். டிசம்பர் குளிர். "கண்ணு பட்டுடும், வயித்தை மூடிக்கிட்டே போ" என்று அம்மா ஊரிலிருந்து போனில் சொல்லியிருந்ததால், கழுத்திலிருந்து முழங்கால்வரை சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தேன். பார்ப்பவருக்கு நாற்காலியில் ஒரு துணிமூட்டை சாய்ந்திருப்பதுபோல் இருந்திருக்கும்.

டாக்டர் வயதானவர். பல்லைச் சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்துக்கொண்டே, வேறு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். என் வாய் அவர் வசம் இருந்ததால் கணவர் பதில் சொன்னார்: "நத்திங், டாக்டர்." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளையுண்டாகியிருப்பதை எந்த வீட்டில் வியாதி என்கிறார்கள்?

வீக்கத்தையும் வலியையும் சேர்த்து அடக்கும் மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் போடக் கூடாது என்றார். கணவர் சீட்டோடு கீழே மருந்துக்கடைக்குப் போனார். நான் எழுந்தபோது சால்வை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டி நழுவியது.

டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். "கொத்தோ மாஷ், மா?" எத்தனை மாதம் என்று வங்க மொழியில் கேட்கிறார். வலியில் வாய் திறக்காமல் எட்டு விரலைக் காட்டினேன்.

அவ்வளவுதான். மாட்டியிருந்த கையுறையோடு படியிறங்கி ஓடினார் அந்த மனிதர். எனக்குக் கோபம்தான் வந்தது. பல்லைக் காட்ட வந்தவளின் வயிற்றில் இவருக்கு என்ன வேலை?

மூச்சிரைக்கத் திரும்பி வந்தார், பின்னால் என் கணவர். சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு வெறும் பாராசிட்டமால் எழுதினார். பிறகு ஆங்கிலமும் இந்தியும் கலந்து நிதானமாக விளக்கினார். வயிற்றுக் குழந்தை இன்னும் நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் இதயத்தை ஒட்டி ஒரு சின்ன ரத்தவழி திறந்தே இருக்கும். பிறந்து மூச்சுவிட்ட பிறகு தானாக மூடிக்கொள்ளும். முதலில் எழுதிய மாத்திரையைக் கடைசி மாதங்களில் போட்டால், அந்த வழி முன்னதாகவே மூடிவிடக்கூடும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் இன்னும் முகம்கூடப் பார்க்காத குழந்தையின் இதயத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதாம். எப்போது மூட வேண்டும் என்று அதற்கே தெரியுமாம். என் கடைவாய்ப் பல்லுக்காக விழுங்கும் ஒரு மாத்திரை அங்கே போய்க் கதவைச் சாத்துமாம். இத்தனையும் தெரிந்த ஒருவர் எனக்காகப் படியில் ஓடியிருக்கிறார். கும்பிடத்தான் தோன்றியது, கும்பிட்டேன்.

டாக்ஸியில் பல் மறுபடி சுண்டி இழுத்தது. அந்தச் சாது மாத்திரை இந்த வலிக்கு எந்த மூலைக்கு? கன்னத்தில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தேன். கணவர், "ரொம்ப வலிக்குதா?" என்றார். நான் வயிற்றைப் பார்த்துக் குனிந்தேன்.

"நீ திறந்தே வெச்சிருடா கண்ணு, நான் பொறுத்துக்கறேன்" என்றேன்.