காஜாக்கா டேப்பைக் கையில் எடுத்த சாயங்காலம்

சட்டையில் பித்தான் நுழையும் ஓட்டைக்குத் தையல்காரர்கள் மொழியில் காஜா என்று பெயர். சின்ன வயதில் ஊரிலிருந்த கடைகளுக்கெல்லாம் வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுத்தவள் என்பதால் அவள் காஜாக்கா ஆனாள். பிறகு சொந்தமாகக் கடை போட்டு, பேண்ட்டும் சட்டையும் முழுசாகத் தைக்க ஆரம்பித்த பின்னும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளைக் கட்டிய வீட்டுக்காரர் கூடச் சில நேரம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுவார்.

கடை என்பது எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. இரண்டு மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை, போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை. வீட்டுக்காரர் இஸ்திரி போடுவார். பயந்த மனுஷர். வாசலில் யாராவது குரலை உயர்த்தினால் இஸ்திரிப் பெட்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் மாடியில் குடியிருக்கிறேன். இறங்கும்போதும் ஏறும்போதும் அந்த அறை பாதிப் படிக்கு என் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடையைத் தாங்கிக்கொண்டிருந்தவர் தெருமுனை விடுதியின் முதலாளி. அங்கே வேலை செய்கிற அத்தனை பேருடைய யூனிபார்மும் இங்கேதான் வரும். கடை வாடகை அதிலிருந்துதான் போயிற்று. கூடவே அவருடைய சொந்தப் பேண்ட்டும் வரும். அதில்தான் வம்பு.

டேப் வைத்து அளவெடுக்க அவர் நிற்க மாட்டார். வெளுத்துப்போன ஒரு பழைய பேண்ட்டை மேஜையில் போடுவார். "இதே அளவு. நூல் கூட மாறக் கூடாது. கல்யாணத்தன்னைக்கு இருந்த இடுப்புதாம்மா இன்னைக்கும்."

முதல் தடவை காஜாக்கா அந்த அளவிலேயே தைத்தாள். பேண்ட் அவருடைய முழங்காலைத் தாண்டி யோசித்து யோசித்து ஏறி, தொப்பைக்குக் கீழே நின்றுவிட்டது. அவர் கத்திய கத்தலில் அவள் வாயில் வந்தது, "துணி சுருங்கிடுச்சுங்க." அடுத்த தடவையிலிருந்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் பேசிக்கொண்டு நிற்கும்போதே இடுப்பைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். பழைய பேண்ட்டை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டு, கண் சொன்ன அளவில் தைப்பாள். அவர் போட்டுப் பார்த்துத் தொடையில் தட்டிக்கொள்வார். "பாத்தியா? அதே அளவு." வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்கு விலை இருந்தது. தான் சொன்னது ஒருபோதும் தப்பாகாது என்று ஒரு மனிதரை வருஷக்கணக்கில் நம்பவைத்தால் அவர் எப்படி இருப்பார்? பூட்டுகிற நேரத்தில் வருவார். மேஜையில் இருக்கும் அடுத்தவர் துணியைத் தள்ளிவிட்டுத் தன் துணியை விரிப்பார். "என் வேலை முடியட்டும், மத்ததெல்லாம் எங்க ஓடிடப் போகுது?" காஜாக்கா சிரித்துச் சமாளிப்பாள். சமாளித்துச் சமாளித்து அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி நின்றுவிட்டது.

அப்போதுதான் இரண்டாவது மெஷினுக்கு ஒரு பெண் வந்தாள். பெரிய துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள், அதனால் கம்பெனிக்காரி. பேச்சு குறைவு. தையல் கோடு போட்டது போல் போகும். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள், விடுதி முதலாளியின் இடுப்பைத் தவிர. மறைக்க நினைக்கவில்லை. வீட்டில் எந்தப் படி வழுக்கும் என்று புதிதாக வந்தவரிடம் சொல்ல வீட்டாருக்கு ஞாபகமே வராதே, அப்படித்தான்.

காஜாக்கா நூல் வாங்கப் போயிருந்த ஒரு நாள், அவருடைய துணியைக் கம்பெனிக்காரி எடுத்துப் பழைய பேண்ட் அளவுக்கே தைத்து முடித்தாள். சாயங்காலம் அவர் வந்தார். திரைக்குள் போனார். வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. காஜாக்கா நூல் பையோடு கடை வாசலுக்கு வரும்போது புதுப் பேண்ட் பறந்துவந்து கம்பெனிக்காரியின் மெஷின் மேல் விழுந்தது. நான் மாடிப்படியில் நின்றுவிட்டேன்.

"கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாததுங்களையெல்லாம் யாரு உள்ள விட்டது?"

"ஐயா, நீங்க குடுத்த பேண்ட்டு இந்தா இருக்கு. மேல வச்சுப் பாருங்க, ஒரு நூல் வித்தியாசமில்ல."

"அப்ப பேண்ட்டு சரி, நான்தான் தப்புங்கற?"

கம்பெனிக்காரி பேண்ட்டை எடுத்து மடித்தாள். அவர் காஜாக்கா பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, நாளைக்கு இவ இங்க இருக்கக் கூடாது. இருந்தா யூனிபார்ம் வேற கடைக்குப் போகும். எது வேணும்னு நீயே முடிவு பண்ணு."

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லிடேன்."

அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்குப் பிரச்சினை முடிந்திருக்கும். யூனிபார்ம் நின்றால் வாடகைக்கு வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும். அவள் வாய் திறந்ததையும் பார்த்தேன். ஆனால் கை கழுத்துக்குப் போயிற்று. தொங்கிக்கொண்டிருந்த டேப்பை உருவி எடுத்தாள்.

"ஐயா, கையைக் கொஞ்சம் தூக்குங்க."

"எதுக்கு?"

"அளவெடுக்கத்தான். இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு தடவை கூட டேப் வைக்கல. பழைய பேண்ட்டு அளவுல நான் தைச்சது ஒரே ஒரு தடவை. அது உங்களுக்கு ஏறல. அப்புறம் தைச்சதெல்லாம் என் கண்ணு சொன்ன அளவு. நீங்க தொடையைத் தட்டிக்கிட்டுப் போனீங்க, நாங்களும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டோம். அந்தத் தப்பு என்னோடது. இவ நீங்க சொன்னதைத் தைச்சிருக்கா, அவ்வளவுதான்."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. "யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டு நில்லுங்க, அளவெடுக்கறேன். இல்லைன்னா வேற கடை பாத்துக்குங்க."

"யூனிபார்ம்?"

"அதையும்தான்."

வெட்டினது, வெட்டாதது, தைத்துப் பாதியில் நின்றது எல்லாவற்றையும் அவளே மூட்டை கட்டினாள். பித்தான் பொட்டலத்தையும் மறக்காமல் மேலே வைத்தாள். அவர் போன பிறகு வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நீ எனக்குத் தைச்சுப் போடு, நான் உனக்கு இஸ்திரி போடறேன். கடை ஜோரா நடக்கும்."

"உங்களுக்கும் டேப் வச்சுத்தான் தைப்பேன்," என்றாள்.

கஷ்டம் வரத்தான் வந்தது. அடுத்த மாதமே அறையின் முன்பாதியை செல்போன் உறை விற்கிறவருக்கு உள்வாடகைக்கு விட்டார்கள். இரண்டு மெஷினும் நெருங்கி உட்கார்ந்ததில் பெண்கள் இருவரின் முழங்கைகளும் இடித்துக்கொண்டன. திரைக்கு இடமில்லாமல் போய், போட்டுப் பார்க்க வருகிறவர்கள் மாடிப்படி வளைவில் ஒதுங்கினார்கள். ஆனால் வம்புக்காரர்களைத் திருப்பி அனுப்பக் காஜாக்காவுக்குக் கை பழகிவிட்டது. விசேஷத்துக்கு உடுத்திக் கசக்கிவிட்டுத் தையல் சரியில்லை என்று மறுநாள் திருப்பிக் கொண்டுவரும் ஒரு அம்மாவையும் சிரிக்காமலே அனுப்பிவைத்தாள்.

"என்னாலதானேக்கா?" என்று கம்பெனிக்காரி ஒரு நாள் கேட்டாள்.

"உனக்கு ரொம்பத்தான் நினைப்பு. நீ வராட்டியும் அந்த ஆளு போயிருக்கணும். எனக்குத்தான் புத்தி லேட்டு."

விடுதியிலிருந்து மேனேஜர் வந்தபோது கடையில் மூவரும் இருந்தார்கள். புதுக் கடையில் யூனிபார்ம் சரிப்படவில்லையாம். "முதலாளி பெரிய மனசு பண்ணிட்டாரு. பழசெல்லாம் மறந்துடலாம்ங்கறாரு. அந்தப் பொண்ணை மட்டும் நிறுத்திட்டீங்கன்னா நாளைக்கே துணி வந்துடும்."

காஜாக்கா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எடுப்பதற்குள் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அது நடக்காதுங்க. அந்தப் பொண்ணு எங்க கடை ஆளு. உங்க முதலாளி இப்ப எங்க கஸ்டமர் இல்ல."

வீட்டுக்காரர்தான். இஸ்திரிப் பெட்டி கையிலேயே இருந்தது. ஆனால் முகம் வாசலைப் பார்த்திருந்தது. மேனேஜர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, செல்போன் உறைகளுக்கு நடுவே வழி தேடி வெளியே போனார்.

கம்பெனிக்காரி தலையைத் தூக்கவில்லை. அவளுடைய மெஷின் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

காஜாக்கா நூலைத் துப்பினாள். "பேசி முடிச்சாச்சா? அந்தச் சட்டைக்குக் காலரை இன்னொரு தரம் தேய்ச்சிடுங்க."