அக்காவைப் பதில் சொல்ல விட்டிருக்கலாம்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையான அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை நான் எழுதுகிறேன்.

அக்கா பாரிவாக்கத்தில் பிறந்தார்கள். மாமாவைக் கைப்பிடித்துக் கரையான்சாவடிக்கு வந்து, இருவருமாக மாவு மில் நடத்தினார்கள். அரைக்க வருபவர்களிடம் ஊர்க்கதை அத்தனையும் கேட்டுவிட்டு, மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பார்கள்.

மாமா மாரடைப்பில் காலமானார். காரியம் முடிந்த மறுநாளே அக்கா மில்லைத் திறந்தார்கள். "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா பாரு, இரும்பு மனுஷிடி!" என்றார் சின்னம்மா. நாம் எல்லோரும் தலையாட்டினோம். அப்படியொரு பட்டத்தைச் சூட்டிய பிறகு அக்கா யார் முன்னால் அழுவார்கள்?

சிரிப்பு நின்றது. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். விடியுமுன்பே எழுந்து மில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு வாய்ப்புண், விடாத சளி, இடுப்பைச் சுற்றி அக்கி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. காவி குழைத்து அக்கி எழுத ஆளைக் கூட்டிவந்தோம். கஷாயம் வைத்தோம். திருஷ்டி கழித்தோம். மனதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாதான் கேட்டார். "ஒண்ணு போனா ஒண்ணு வருதே. தூக்கம் வருதாம்மா? மனசு எப்படி இருக்கு?"

"அக்கா ரொம்ப தைரியம் டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "அவளுக்கு இன்னா, கல்லு மாரி கீறா" என்றார் சின்னம்மா.

"நான் அவங்களைக் கேட்டேன். மனசு ரொம்ப நாள் சோர்ந்து கிடந்தா, நோயை எதிர்க்கிற சக்தியும் குறையும்."

அக்கா வாயைத் திறந்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். "நல்லாத்தான் கீறேன்மா" என்றார்கள்.

மழைக்காலத்தில் நிமோனியா வந்தது. துக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வயதும் இருந்தது என்றார் டாக்டர். ஆனால் எதிர்த்து நிற்க அந்த உடம்பில் தெம்பு மிச்சமில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த பிள்ளைகளுக்கும், மில்லைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடைக்காரருக்கும் எங்கள் நன்றி. இனி நம் வீடுகளில் துக்கத்தில் யாராவது அழாமல் நின்றால் தயவுசெய்து மெச்சாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அக்காவிடமே நேராகக் கேட்ட அந்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. நீங்கள் கேட்டதற்கு அக்காவின் பதில் என்னவென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.