பாதி கறுத்த கண்ணாடி

மலைநாட்டில் படமெடுத்துப் பிழைக்கிறவனுக்கு மழையைவிட வானம்தான் தொல்லை. வானம் தெரியும்படி எடுத்தால் ஆள் கறுத்துவிடுவார். ஆள் தெரியும்படி எடுத்தால் வானம் வெள்ளைக் கடதாசி ஆகிவிடும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்காகவே லென்ஸுக்கு முன்னால் செருகும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெறும் கண்ணாடி. கறுப்பை வானத்தின்மேல் இறக்கினால் வானமும் ஆளும் சேர்ந்து படத்தில் நிற்கும். நின்றால் நம் அதிர்ஷ்டம்.

மஸ்கெலியா மாப்பிள்ளை

முதலில் வாங்கியது, கறுப்பு சட்டென்று முடிகிற ரகம். நீர்த்தேக்கக் கரையில் கல்யாண ஜோடியை நிறுத்தி, அக்கரைக் கோட்டோடு கறுப்பை ஒட்டி வைத்தேன். வானம் அருமையாக வந்தது. மாப்பிள்ளை நெட்டையர் என்பதைத்தான் மறந்துபோனேன். படத்தைப் பார்த்த அவருடைய அக்கா கேட்டார்: "ஏங்க, எங்க தம்பிக்கு கழுத்து வரைக்குந்தான் வெயில் அடிச்சிச்சா?"

சாவு வீட்டு வானம்

அடுத்து, கறுப்பு மெல்லக் கரைகிற ரகம் வாங்கினேன். எங்கள் பக்கத்துக்கு அதுதான் சரி. இங்கே எந்த மலையும் கோடு போட்டதுபோல் நிற்பதில்லை. அதை முதன்முதலில் வெளியே எடுத்தது ஹட்டன் பக்கம் ஒரு சாவு வீட்டில். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் படத்துக்கு நின்றார்கள். பின்னால் வானம் கண்ணைக் கூசவைத்தது. நான் ஃபில்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். இறந்தவரின் தம்பி அழுதுகொண்டே சொன்னார்: "வானம் நாளைக்கும் இருக்கும் தம்பி. அண்ணன எடுங்க."

ராகலைக் கல்யாணம்

ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா மண்சரிவில் புதையுண்டவர். உடல் கிடைக்கவேயில்லை. கோயில் வாசலில் எங்கே நிறுத்தினாலும் பின்னால் அந்த மலைதான், சரிந்த இடம் இன்னும் சிவப்பாக.

"அந்த மல படத்துல வேணாங்க" என்றார் பெண்ணின் அம்மா. கோயிலுக்குள்ளேயே எடுத்துவிடலாம் என்றேன். பெண் கேட்கவில்லை. வெளியேதான் எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள், காரணம் சொல்லாமல்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசல் படியில் உட்காரவைத்தேன். அவர்கள் தலைக்கு மேலே மலை முழுவதும் மறையட்டும் என்று, என்னிடமிருந்த இரண்டு ஃபில்டரையும் ஒன்றாகச் செருகிக் கறுப்பை இறக்கினேன். மலை இருட்டில் அமுங்கியது. கெமராவில் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்தார். "இன்னும் தெரியுதே" என்று உடைந்து அழுதார். பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்: "தெரியட்டும்மா. அப்பா அங்கதானே இருக்காரு."

வானத்தைக் குறைக்கக் கண்ணாடி விற்கிறார்கள் தோழர்களே, மற்றதற்கெல்லாம் நாம் கெமராவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கவேண்டியதுதான்.