வீராயி வீட்டு மத்தியானச் சோறு

இது கட்டிவிட்ட கதை இல்லை. விருத்தாசலத்தில், ரயிலடிக்கு அந்தப் பக்கத்துத் தெருவில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியும் அமாவாசையும்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். உச்சி வேளையில் தெருவில் ஒரு காக்கைகூட இருக்காது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க ஒரு ஜீவன் இருக்காது.

நீலாவதி நல்லூர்ப் பக்கத்துப் பெண். அறுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்குத் தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். புருஷன் தர்மராஜுக்குப் பீங்கான் சூளையில் வேலை. அது போக வீட்டிலேயே பொம்மை செய்து சூளைக்குக் கொடுப்பான். அதனால் கூடத்து மூலையில் எப்போதும் வெள்ளைக் களிமண் குவிந்து கிடக்கும், மேலே ஈரக்கோணி போர்த்தியிருக்கும். அவனுக்கு இவள் இரண்டாம் தாரம். முதல் தாரம் சொர்ணாம்பாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள். நீலாவதி வீட்டில் யாரும் அதற்கு மேல் துருவவில்லை.

வயிறுதான் எல்லார் கண்ணையும் உறுத்தியது. ரெட்டையா என்று கேட்காத ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மாமியார் வீராயியை உள்ளே கூப்பிட்டார்.

"ஒரு குழந்தைதான். ஆனா பெருசா இருக்குது. இவ இடுப்பு ஒடுக்கம். வலி வர்றதுக்கு முன்னாடியே கடலூர் பெரியாஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டா நல்லது. தானா பொறக்குமா, ஆயுதம் போட்டு எடுக்கணுமா, ஆபரேஷன் பண்ணணுமான்னு அவங்க பாத்துக்குவாங்க. வலி வந்தப்புறம் இங்க வந்தா நாங்களும் பாப்போம். ஆனா நடுவுல சிக்கிக்கிச்சுன்னா கடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு உசிருக்கும் ஆபத்து. வீட்டுல மட்டும் வச்சுக்காதீங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் அமிர்தம் வீராயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்க வாயெடுத்தவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

வீராயி பவ்யமாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் வேறு பேச்சு.

"ஏழு பெத்தவ நானு. ஒண்ணுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசல மிதிக்கல. வயித்தக் கிழிச்சவ அப்பறம் ஒரு கொடம் தண்ணி தூக்குவாளா? புள்ள பெருசுன்னா சோத்தக் கொறைக்கணும். அவ்ளோதான்."

தாய் வயிற்றைக் காயப்போட்டால் பிள்ளை சின்னதாகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று அப்போது பல வீடுகளில் நம்பினார்கள். மற்ற வீடுகளில் ஒரு கரண்டி குறைத்தார்கள் என்றால், வீராயி பானையையே எட்டாத உயரத்தில் உறியில் ஏற்றிவிட்டாள். காலையில் ஒரு குவளை நீராகாரம். ராத்திரி ஒரு கைப்பிடிச் சோறு. மத்தியானம் ஒன்றும் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தியைப் பட்டினி போட எப்படி மனசு வந்ததோ, அந்தப் பாவிக்கு வந்தது. நீலாவதி புருஷனிடம் சொல்லி அழுதாள். "அம்மா சொல்றதக் கேளு" என்றான். அவனுக்குத் தெரிந்த வசனம் அது ஒன்றுதான்.

தினமும் சூளையில் மத்தியானச் சங்கு ஊதும். வீராயி மகனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு, வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டுக் கிளம்புவாள். நீலாவதி பசியில் சுருண்டு கிடப்பாள். அவள் கிடந்தாலும் வயிற்றில் இருப்பது கிடக்காது. உதைக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் பின்கட்டுப் படல் கிரீச்சென்றது.

ஒரு பெண் நின்றாள். அவளுக்கும் நிறைவயிறு. பாதமெல்லாம் வெள்ளைத் தூசி. அந்தத் தெருவில் யார் பாதம்தான் அப்படி இல்லை? முந்தானையை வாயோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் ஒரு பூவரச இலை. இலையில் வெள்ளை வெளேரென்று ஓர் உருண்டை. மசித்த சோறு மாதிரி.

நீட்டினாள். நீலாவதி வாங்கித் தின்றாள். கொடுத்தது யார் என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. சில்லென்று இருந்தது. மெல்ல வேண்டியே இருக்கவில்லை. தின்று முடித்த பிறகுதான் கேட்டாள்.

"எந்த வூடுக்கா நீங்க?"

அவள் பேசவில்லை. கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். அடுத்த வீடு போலிருக்கிறது என்று நீலாவதி எடுத்துக்கொண்டாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். உட்கார மாட்டாள். முந்தானையை வாயிலிருந்து எடுக்க மாட்டாள். இலையை வாங்கும்போது ஒரு தடவை கை பட்டது. ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. பத்துப்பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருப்பாள் என்று நீலாவதி நினைத்தாள். பசித்தவளுக்குச் சோறுதான் தெரியும்.

ராத்திரி தர்மராஜிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அடுத்த வூட்ல ஆரு இருக்குறாங்க?"

"அங்கயா? அது பூட்டிக் கெடக்குது. ஆளு போயி எவ்ளோ காலமாச்சு."

நீலாவதி போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

பட்டினி போட்டும் வயிறு குறையவில்லை. பெருத்தது. வீராயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உறியைப் பார்த்தாள், பானையில் போட்ட சோறு அப்படியே இருந்தது. வீடு முழுக்கக் கிளறினாள். கடைசியில் மூலையிலிருந்த ஈரக்கோணியைத் தூக்கினாள்.

களிமண்ணில் விரல் தடங்கள். கைப்பிடி கைப்பிடியாகத் தோண்டியிருந்தது.

திரும்பி நீலாவதியின் உதட்டோரத்தைப் பார்த்தாள். அங்கே வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

அடிப்பாள் என்று நீலாவதி ஒடுங்கினாள். அடிக்கவில்லை. வீராயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் தின்றாய் என்றும் கேட்கவில்லை.

"ஆரு குடுத்தா?" என்றுதான் கேட்டாள்.

"பின்னாடி வர்ற அக்கா. அவங்களும் முழுகாம இருக்குறாங்க."

வீராயி எழுந்தாள். பின்கட்டுக்குப் போய்ப் படலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். முடிச்சு மேல் முடிச்சு.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதியது. வாசலில் பூட்டு விழுந்தது. அப்போதுதான் முதல் வலி வந்தது... இடுப்பைப் பிளந்துகொண்டு. பனிக்குடம் உடைந்து புடவை நனைந்தது. நீலாவதி கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள். தெரு தூங்கியது.

பின்னால் ஒரு சத்தம்.

சளக்... சளக்...

ஈரமண்ணில் கை நுழைகிற சத்தம்.

திரும்பினாள்.

அவள் கூடத்துக்குள் இருந்தாள். மூலையில் குனிந்து, கோணியை ஒதுக்கி, மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் அதை உருட்டினாள். நிதானமாக.

நீலாவதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் தின்றது...

"அக்கா... வாணாம்க்கா..."

அவள் எழுந்தாள். முந்தானை நழுவியது.

வாய் பிளந்திருந்தது. மூட முடியாத அளவுக்கு. உள்ளே வெள்ளைக் களிமண், தொண்டை வரை. காய்ந்து வெடித்திருந்தது. மூக்கிலும் மண்.

அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ம்... ம்ம்... ம்ம்ம்...

கிட்டே வந்தாள்.

உருண்டையை நீலாவதியின் வாயில் வைக்கவில்லை.

வயிற்றில் வைத்தாள்.

அழுத்தினாள்.

சில்லென்று ஏதோ உள்ளே இறங்கியது.

உள்ளே உதைத்துக்கொண்டிருந்தது...

நின்றது.

நீலாவதி ஓடினாள். எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்கட்டுப் படல் திறந்து கிடந்தது. வீராயி போட்ட கயிறு ஒரு முடிச்சுக்கூட இல்லாமல் தரையில் நீளமாகக் கிடந்தது. ரோட்டில் மண் ஏற்றி வந்த வண்டிக்காரர் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. கடலூருக்கு வேன் ஏற்றினார். நர்ஸ் அமிர்தமும் கூடப் போனாள். அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது.

ஆண் பிள்ளை. பார்த்தவர்கள் மூன்று மாதக் குழந்தை என்றார்கள், அவ்வளவு பெரியது. தலை நிறைய முடி. அழவில்லை. மூச்சு வருமா என்று அங்கே இருந்த டாக்டர் வாயில் விரலை விட்டுத் துழாவினார். விரலில் வந்தது வெள்ளைக் களிமண். தொண்டை வரை அடைத்திருந்தது. தாய் வயிற்றுக்குள் இருந்த பிள்ளையின் வாய்க்குள் அது எப்படிப் போயிற்று? அன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் வீராயி வந்தாள். "எம் பேரன் போயிட்டானே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அழுது முடித்துத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். நிறையச் சோறு. இனிமேல் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? தன் கையாலேயே பிசைந்து ஊட்டினாள். எதிர்க்கத் தெம்பில்லாமல் நீலாவதி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

வீராயி போன பிறகு அமிர்தம் கட்டிலருகே வந்து நின்றாள்.

"உங்க வூட்டுக்காரரு மொத சம்சாரம் எப்புடிப் போச்சுன்னு சொன்னாங்க?"

"காமாலைன்னாங்க."

"காமாலையில்லம்மா. அதுக்கும் இப்புடித்தான், பெரிய புள்ள. கடலூருக்குப் போவச் சொன்னோம், போவல. வூட்டுலயே வச்சிருந்தாங்க. ரெண்டு நா தெருவே கேக்கக் கத்துச்சாம். மூணாம் நா சத்தமே இல்லியாம். எங்ககிட்ட கொண்டாரும்போது உசுரு இல்ல. வாயி நெறைய களிமண்ணு."

நீலாவதியின் கை உதட்டோரத்துக்குப் போனது.

"மசக்கையில மண்ணு திங்கிற பழக்கம், வலி பொறுக்காம அதுவே அள்ளிப் போட்டுக்கிச்சுன்னு உங்க மாமியா சொன்னாங்க. எல்லாரும் நம்புனாங்க. குளுப்பாட்டுனது நானு." அமிர்தம் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அதால அள்ளிப் போட்டிருக்க முடியாதும்மா. ரெண்டு மணிக்கட்டுலயும், கட்டிலோட சேத்துக் கட்டுன கயிறு தடம் இருந்துச்சு."