போல்ட் மூன்று கிலோ, நட்டு ஒரு கிலோ

போன வாரம் மாட்டுக்கொட்டகைத் தகரத்துக்குப் போல்ட் வாங்கப் பெரம்பலூர் போனேன். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். எடை போட்டுத் தரச் சொன்னேன். "தராசெல்லாம் எடுத்தாச்சும்மா" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். புது இரும்பின் எண்ணெய் வாடை வந்தது. கூடவே கோபமும் வந்தது. கடைக்காரர் மேல் இல்லை. கேளுங்கள், சொல்கிறேன்.

என் கூடப் படித்தவள் கலையரசி. பிளஸ் ஒன்னில் இரண்டு பேரும் சயின்ஸ் குரூப். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவள் எடுத்ததால் நானும் எடுத்தேன். வேதியியல் சார் மோல் பாடம் நடத்தினார். நடத்தினார் என்பது சும்மா. பலகையில் நீளமாக ஓர் எண்ணை எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்னார். பன்னிரண்டு கிராம் கார்பனிலும் பதினாறு கிராம் ஆக்சிஜனிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான் என்றார். நான் எழுதிக்கொண்டேன். கலை எழுந்தாள்.

"எடை வேறங்க சார். எண்ணிக்கை மட்டும் எப்படிங்க ஒண்ணாவும்?"

அதைவிட நல்ல கேள்வியை அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அந்த ஆள் சொன்ன பதில் இது: "எறையூர்ல கரும்பு வெட்டப் போறவளுக்கு எதுக்குடி மோலு?"

வகுப்பே சிரித்தது. புரிந்துவிட்டது என்று சொன்னால்தான் உள்ளே வரலாம் என்று வெளியே நிறுத்தினார். சொல்லித் தொலையேன் என்று நான்கூடக் கெஞ்சினேன். "புரியலையேடி" என்றாள். வேதியியல் வகுப்பு வந்தாலே வராந்தாதான். பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. அவள் அப்பா அம்மா எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள். அவளும் அவர்களோடு போய்விட்டாள்.

நான் மனப்பாடம் பண்ணிப் பிளஸ் டூ பாஸாகி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேப்பந்தட்டைக்காரர் ஒருவர் மக்காச்சோளக் கொட்டகை போடப் போல்ட்டும் நட்டும் கேட்டார். இரண்டிலும் இரண்டு கிலோ போட்டுக் கொடுத்தேன். சமமாகத்தானே கொடுக்க வேண்டும்? மறுநாள் பையோடு வந்தார்.

"போல்ட்டு தீந்துபோச்சு, நட்டு இம்புட்டு கெடக்கு. வறுத்துத் திங்கவா?"

போல்ட் மூன்று கிலோ என்றால் நட்டு ஒரு கிலோ, அப்போதுதான் ஒன்றுக்கு ஒன்று வரும் என்று முதலாளி கத்தினார். திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே எனக்கு உறைத்தது. நட்டு லேசு, போல்ட் கனம். எண்ணிக்கை ஒன்றாக வேண்டுமென்றால் எடை வேறாகத்தான் இருக்கும். கார்பன் அணு லேசு, ஆக்சிஜன் அணு கனம். அதனால்தான் பன்னிரண்டும் பதினாறும். அணுவை எண்ண முடியாது, நிறுத்துத்தான் எண்ண வேண்டும். இதைச் சொல்ல ஒரு கைப்பிடி நட்டு போதும். அந்த ஆளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கக் கரும்பை இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் போல்ட்டும் நட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கரும்புக் காட்டுக்குப் போனேன். கரும்புச் சோகை கிழித்த கையோடு கலை சோறு தின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நட்டை எடுத்துப் போல்ட்டில் கடைசி மரை வரை திருகினாள்.

"இம்புட்டுதானாடி? இதுக்கா என்னைய வெளிய நிக்க வச்சாரு?"

மறுபடி பள்ளிக்கூடம் போகச் சொன்னேன். டிசி வாங்கியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் வேலை பார்த்த அந்த இரும்புக் கடை இப்போது செல்போன் கடை. அந்த சாருக்கு மாலை போட்டு, மேளம் வைத்து ரிட்டையர்மென்ட் விழா நடத்தினார்கள். இப்போது எங்கள் பக்கம் கரும்பை மெஷின் வெட்டுகிறது. அவளுக்கென்று அந்த ஆள் ஒதுக்கிய வேலை, அதுவும் இன்று கலைக்கு இல்லை.